அலமாரியிலுள்ள மது குறையும்போது

வீட்டில் வாங்கி வைத்த மது, வீட்டாரின் கணக்கை மீறிக் குறைந்து காணப்படும்போது, பெருக்கித் துடைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் நாள்தோறும் வந்துபோகும் பணியாளர் மீதே முதல் ஐயம் விழுவது சென்னை போன்ற நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வழக்கமாகிவிட்டது. அந்த ஐயம் சில வேளைகளில் உண்மையாகவும் முடிவதுண்டு. எனினும் அது எழும் வேகத்துக்கும் அதற்கு ஆதாரமாக உள்ள சான்றுக்கும் பெரும்பாலும் தொடர்பிருப்பதில்லை. நகை காணாமற்போனால் அது இருந்த இடமும் கடைசியாக அணிந்த நாளும் எவருக்காவது நினைவிலிருக்கும். மதுவோ நீர்மமாக இருப்பதாலும், பலர் கைபடும் இடத்தில் அளவுக்குறியின்றி நிற்பதாலும், எடுத்துக் குடித்தவர் அதை வெளியில் சொல்லும் வழக்கம் இல்லாததாலும், எப்போது எவ்வளவு குறைந்தது என்ற கேள்விக்கே வீட்டில் விடை இருப்பதில்லை. ஆகவே யார் எடுத்தார் என்று கேட்பதற்கு முன், உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்பதை அளந்து அறிவதே இவ்விஷயத்தில் முதல் வேலை.

இந்த அத்தியாயத்தில் ‘வீட்டுப் பணியாளர்’ என்னும் சொல், ஊதியம் பெற்றுக்கொண்டு பிறர் வீட்டில் துப்புரவு, சமையல், பராமரிப்பு ஆகியவற்றைச் செய்பவரைக் குறிக்கிறது. தமிழ்நாட்டு அரசு உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கான 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் வீட்டு வேலையை 1999இல் சேர்த்து, 2007இல் அதற்கெனத் தனி நல வாரியத்தையும் அமைத்ததால், இச்சொல்லுக்குச் சட்டத்திலும் இடமுண்டு. ‘வேலைக்காரி’ என்ற சொல்லை வீட்டார் கைவிடுவது வெறும் நாகரிகம் சார்ந்ததன்று. தொழிலாளி என்று கருதப்படுபவரிடம் கேட்கப்படும் கேள்வியும், ஏவலாள் என்று கருதப்படுபவரிடம் வீசப்படும் கேள்வியும் ஒரே தொனியில் அமைவதில்லை.

அளவு குறைந்ததா என்பதை அறிதல்

பாட்டிலிலுள்ள மதுவின் மட்டம் எவரும் தொடாமலே மாறக்கூடியது. சாராயச் சத்தாகிய எத்தனால், நீரைவிட வெப்பத்தால் மிகுதியாக விரிவடையும் பொருள். இந்தியாவில் விற்கப்படும் விஸ்கி, பிராந்தி, ரம் ஆகியவற்றில் கனவளவில் பெரும்பாலும் 42.8 விழுக்காடு எத்தனால் இருப்பதால், 750 மில்லிலிட்டர் கொண்ட முழுப் பாட்டில் ஒன்றை 32 பாகை வெப்பமுள்ள கூடத்திலிருந்து எடுத்துக் குளிரூட்டப்பட்ட 22 பாகை அறையில் வைத்தால், உள்ளிருக்கும் மதுவின் கனவளவு ஏறத்தாழ 6 மில்லிலிட்டர் சுருங்கும். பாட்டிலின் அகன்ற உடற்பகுதியில் இந்தச் சுருக்கம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான் என்பதால் கண்ணில் படாது. ஆனால் மட்டம் குறுகிய கழுத்தில் நிற்கும்போது அதே 6 மில்லிலிட்டர் ஒரு சென்டிமீட்டர் இறக்கமாகத் தோன்றும். மே மாதப் பிற்பகலில் கண்ட மட்டத்தையும் டிசம்பர்க் காலையில் கண்ட மட்டத்தையும் ஒப்பிட்டு ஒருவரைக் குற்றவாளியாக்குவது எவ்வளவு பிழையானது என்பதை இதிலிருந்தே உணரலாம்.

ஆவியாதலும் கணக்கில் கொள்ளத்தக்கது. எத்தனால் 78 பாகையிலேயே கொதித்துவிடும் பொருளாதலால் அறை வெப்பத்திலும் நீரைவிட விரைந்து ஆவியாகும். மரப்பீப்பாய்களில் விஸ்கியை முதிரவைக்கும் ஸ்காட்லாந்து வடிப்பாலைகளில், பீப்பாயின் நுண்துளைகள் வழியே ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு காற்றில் கலந்துவிடுவதை ‘தேவதைகளின் பங்கு’ என்று சொல்வார்கள். பெங்களூரு போன்ற வெப்பமான இடங்களில் அந்த இழப்பு பல மடங்கு கூடுகிறது. கண்ணாடிப் பாட்டிலில் திருகுமூடி இறுகியிருக்குமானால் இத்தகைய இழப்பு பொருட்படுத்தத் தக்கதன்று. தக்கை வைத்து அடைத்த பாட்டில்களின் நிலை வேறு. தக்கை காய்ந்து சுருங்கினாலும், உடைந்து சரியாகப் பொருந்தாமல் நின்றாலும், வெயில் படும் அலமாரியில் மாதக்கணக்கில் வைத்த பாட்டிலில் மட்டம் கண்கூடாக இறங்கும். எத்தனால் முதலில் வெளியேறுவதால் எஞ்சியது சுவை மங்கித் ‘தண்ணி கலந்தது போல’ இருக்கும். திராட்சை மதுவை மட்டுமே படுக்கவைப்பது முறை. விஸ்கியையும் அவ்வாறே படுக்கவைக்கும் வீடுகளில், சாராயச் சத்து தக்கையை அரித்துவிடுவதால், கசிவும் நேர்கிறது.

மட்டத்தைப் பென்சிலால் குறித்துவைப்பது பலரும் கையாளும் முறை. அதைவிட நம்பத்தக்கது எடை பார்த்தல். சமையலறையில் மாவு நிறுக்கப் பயன்படும் மின்னணுத் தராசில் மூடிய பாட்டிலை அப்படியே நிறுத்தி, தேதியோடு எடையை ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும். வெப்பத்தால் கனவளவு மாறினாலும் எடை மாறாது என்பதே இம்முறையின் வலிமை. பெரிய பெக் எனப்படும் 60 மில்லிலிட்டர் விஸ்கி ஏறத்தாழ 56 கிராமும், சிறிய பெக் எனப்படும் 30 மில்லிலிட்டர் 28 கிராமும் நிற்கும். ஆகவே ஒரு கிராம் வரை காட்டும் எந்தத் தராசும் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடும். வீட்டில் குடிப்பவர் ஒவ்வொரு முறை ஊற்றியபின்னும் பாட்டிலை நிறுத்து எழுதுவது தொல்லையாகத் தோன்றலாம். எனினும் மூன்று நான்கு வாரங்கள் இதைச் செய்த பின்பே, குறைவு என்று இதுவரை எண்ணியது தம் கையால் ஊற்றியதா, பிறர் கையால் போனதா என்பது வெளிப்படும்.

நீர் கலந்திருக்கிறதா என்னும் ஐயம் எழுந்தால், எடுத்த அளவுக்கு நீர் ஊற்றிய பாட்டிலின் எடை குறைவதற்கு மாறாகச் சில கிராம் கூடியிருக்கும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். உறையவைத்துப் பார்க்கும் முறை ஒன்றும் உண்டு. வீட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைப்பகுதி பொதுவாக உறைநிலைக்குக் கீழே 18 பாகையில் இயங்குகிறது; 42.8 விழுக்காட்டு மது அந்தக் குளிரில் உறையாது. ஒரு சிறு கிண்ணத்தில் ஊற்றி மூடி ஓரிரவு வைத்த மதுவில் காலையில் பனிக்கூழ் படிந்திருந்தால் அதன் செறிவு ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கோ அதற்குக் கீழேயோ இறங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் அந்த அளவுக்கு இறங்க வேண்டுமானால் முழுப் பாட்டிலில் 225 மில்லிலிட்டர், அதாவது குவார்ட்டர் என்று வழங்கும் 180 மில்லிலிட்டருக்கும் மேலாக எடுத்து அவ்வளவு நீரும் சேர்த்திருக்க வேண்டும் என்பதால், சிறு கலப்பை இம்முறை காட்டிக்கொடுக்காது. அடர்த்திமானியை மிதக்கவிட்டுப் பார்ப்போர், அக்கருவி 20 பாகை வெப்பத்துக்கு அளவிடப்பட்டதென்பதையும், சென்னை வெப்பத்தில் அது உள்ளதைவிடக் கூடுதலான செறிவையே காட்டும் என்பதையும் மறந்துவிடுகின்றனர். விலை உயர்ந்த வகைகள் பலவற்றின் கழுத்தில், மது வெளியே வரவும் எதுவும் உள்ளே போகாதிருக்கவும் குண்டு பொருத்திய அடைப்பு இருக்கும். அத்தகைய பாட்டிலில் நீர் கலந்ததாக எவர் மீதேனும் பழி கூறுமுன், ஒரு கரண்டி நீரை அதனுள் ஊற்றிப் பார்க்க வீட்டாரே முயன்றால், அது எவ்வளவு கடினம் என்பது விளங்கிவிடும்.

கை படுவோர் அனைவரையும் எண்ணுதல்

எடைக்கணக்கு குறைவை உறுதிசெய்தாலும், அலமாரியை அணுகக்கூடியவர் ஒருவர் மட்டுமே என்பது எந்த வீட்டிலும் உண்மையன்று. குளிரூட்டி பழுதுபார்க்க வந்தவர், வார இறுதியில் தங்கிய உறவினர், ஓட்டுநர் முதலியோரை எவரும் எளிதில் எண்ணிவிடுவர். எண்ண மறுக்கப்படுவோர் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றனர். கல்லூரி விடுமுறைக்கு வந்த மகன், நண்பர்கள் கூடிய இரவில் அரை பாட்டிலை எடுத்துவிட்டுக் காலையில் நீர் ஊற்றி வைப்பது புதுமையான செய்தியன்று. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது விதி. கடையில் வாங்க முடியாத வயதினருக்கு மது எளிதாகக் கிடைக்கும் இடம் பூட்டில்லாத வீட்டு அலமாரிதான். முதுமையில் தூக்கம் வராமல் இரவில் எழுந்து ஒரு வாய் பருகும் தந்தையும், குடியை விட்டுவிட்டதாக மனைவியிடம் சொல்லியிருக்கும் கணவரும் இதே வரிசையில் வருவர். கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழங்களை ஊறவைக்க ரம் எடுத்ததும், சளிக்கென்று பாட்டி பிராந்தி ஊற்றிக் கொடுத்ததும் எவர் நினைவிலும் நிற்பதில்லை.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மது அருந்துவதாகவும், பெண்களில் அவ்வாறு கூறியோர் 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்றும் பதிவாகியுள்ளது. பெண்கள் இத்தகைய கேள்விக்கு மறைத்துச் சொல்லக்கூடும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், வீட்டுப் பணியாளருள் பெரும்பாலோர் பெண்கள் என்னும் நிலையில், அலமாரியைத் துடைக்கும் பெண்ணைவிட அதே வீட்டில் படுத்துறங்கும் ஆண் அதைக் குடித்திருக்க வாய்ப்பு மிகுதி என்பதே இந்த எண்களிலிருந்து பெறப்படுவது. பணியாளர் தம் கணவருக்கோ விற்பதற்கோ எடுத்திருக்கலாம் என்ற எதிர்வாதத்தை முற்றிலும் தள்ளிவிட இயலாது. அதற்கும் எடைக்கணக்கின் தேதிகளே விடை சொல்ல வேண்டும். அவர் விடுப்பில் இருந்த வாரத்திலும் எடை குறைந்திருந்தால் ஆராய்ச்சி அங்கேயே முடிந்தது.

குடிப்பவரின் நினைவைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். மக்கள் தாம் குடிப்பதாகச் சொல்லும் அளவு, விற்பனையான அளவைவிடக் கணிசமாகக் குறைந்திருப்பது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. அவர்கள் அனைவரும் பொய் சொல்கிறார்கள் என்பது இதன் பொருளன்று. அளவுக் குப்பியின்றிக் கண்ணாடித் தம்ளரில் நேரே ஊற்றும்போது ஒரு பெக் என்று எண்ணியது ஒன்றரையாக இருப்பதும், மூன்றாவது சுற்றுக்குப் பின் எண்ணிக்கை தவறுவதும் இயல்பு. ‘சனிக்கிழமை இரண்டுதான் குடித்தேன்’ என்னும் உறுதிமொழியை அடிப்படையாகக் கொண்டு பிறரை ஐயுறுவது அதனாலேயே பிழையாகிறது.

காலி பாட்டில் காணாமற்போவது வேறு வகை. பழைய பொருள் வாங்குபவரிடம் அதற்கு விலை உண்டு. அரசு மதுக்கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அத்தொகையைத் திரும்பக் கொடுக்கும் திட்டம் 2022இல் நீலகிரியில் தொடங்கிப் பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. குப்பையோடு வெளியே வைக்கப்பட்ட பாட்டிலைப் பணியாளர் எடுத்துச் செல்வதைத் திருட்டு என்று பெயரிடுவது அநீதி. எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் போதும்.

செய்யக் கூடாதவை

திருடுபவரைப் பிடிப்பதற்கென்று பாட்டிலில் பேதி மருந்தையோ வேறு பொருளையோ கலந்து வைக்கும் யோசனை நண்பர் வட்டங்களில் விளையாட்டாகவே சொல்லப்படுகிறது. இது கடும் குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 123ஆம் பிரிவு, ஊறு விளைவிக்கும் எண்ணத்துடன் நஞ்சையோ உடல்நலத்தைக் கெடுக்கும் பொருளையோ ஒருவர் உட்கொள்ளும்படி செய்வோருக்குப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. அந்தப் பாட்டிலை முதலில் எடுப்பது தம் மகனாகவும் இருக்கலாம் என்பதைக் கலப்பவர் எண்ணுவதில்லை.

பணியாளரின் கைப்பையையோ உடையையோ வற்புறுத்திச் சோதிப்பதற்கும், உண்மையைச் சொல்லும்வரை போகவிடாமல் கதவடைத்து வைப்பதற்கும் எந்த வீட்டாருக்கும் உரிமை இல்லை. பின்னதைச் சட்டம் முறையற்ற அடைத்துவைப்பு என்கிறது. கண்காணிப்புக் கேமரா வைப்பதாயின், அது கூடத்தையோ வாயிலையோ நோக்கி, எல்லோருக்கும் தெரியும்படி, பணியாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கப்பட வேண்டும். அவர் உடைமாற்றும் இடத்திலோ குளியலறையிலோ அது இருப்பின் குற்றவாளி வீட்டாரே ஆவர். அலமாரிக்கு ஒரு பூட்டுப் போட்டுவிட்டால் இந்த ஏற்பாடுகளில் பெரும்பாலானவை தேவையற்றுப்போகும். யாரையும் குற்றம் சாட்டாத, வீட்டுப் பிள்ளைகளுக்கும் காப்பாக அமையும் வழி அதுவே. இந்நூல் வேறெதையும்விட அதையே முதலில் பரிந்துரைக்கிறது.

ஐயத்தை அண்டை வீட்டாரிடம் பகிர்வதுதான் எல்லாவற்றிலும் கொடியது. ஒரே குடியிருப்பில் நான்கைந்து வீடுகளில் வேலை செய்யும் ஒருவரைப் பற்றி, குடியிருப்போரின் வாட்ஸ்அப் குழுவில் ‘கொஞ்சம் கவனமா இருங்க’ என்று எழுதப்படும் ஒரு வரி, மறுநாள் காலையில் வாயிற்காவலர் அவரை உள்ளே விட மறுப்பதில் போய் முடிகிறது. ஒரு வீட்டின் ஐயத்தால் ஐந்து வீட்டு ஊதியமும் நின்றுவிடுகிறது. என்ன குற்றம் என்று அவரிடம் எவரும் சொல்வதுமில்லை. சான்றில்லாப் பழி அவதூறாகச் சட்டத்தின் முன் நிற்கக்கூடியது. பணியாளர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்து, அதில் சாதிப் பெயரும் சேர்ந்து பலர் அறியப் பேசப்பட்டால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாயக்கூடும்.

பேசும் முறை

பேசியே ஆகவேண்டிய நிலை வந்தால், வேலை முடிந்து அவர் கிளம்பும் நேரத்தில், பிள்ளைகளும் விருந்தினரும் இல்லாதபோது, அவரை உட்காரச் சொல்லி ஒருவர் மட்டும் பேசுவது நன்று. கேள்வி நடந்ததைப் பற்றியதாக இருக்க வேண்டும். ஆளைப் பற்றியதாக இருக்கக் கூடாது. “அக்கா, அலமாரியில இருக்கிற பாட்டில்ல அளவு குறைஞ்சுகிட்டே வருது. வீட்ல எல்லாரையும் கேட்டுட்டு இருக்கேன். துடைக்கும்போது ஏதாவது கொட்டிச்சா, மூடி திறந்து கிடந்ததைப் பார்த்தீங்களா?” என்பது போன்ற கேள்வியில் மூன்று நன்மைகள் உள்ளன: எல்லோரும் கேட்கப்படுகின்றனர் என்பது தெரிகிறது; தவறுதலாகக் கொட்டியதைச் சொல்ல வழி கிடைக்கிறது; அவர் கண்டதையும் சொல்ல இடமிருக்கிறது. வீட்டில் உண்மையில் யார் குடிக்கிறார் என்பதை அறிந்தவராகப் பல வீடுகளில் பணியாளரே இருக்கிறார். அந்த உண்மையைச் சொன்னால் தமக்கே வேலை போகும் என்பதால் வாய் திறப்பதில்லை. “அக்கா” என்று தொடங்கிய பேச்சு நடுவில் “நீதானே எடுத்தே?” என்று ஒருமைக்கு இறங்குமாயின், அதன்பின் எந்த விடையும் கிடைக்காது.

ஐயம் உறுதிப்பட்டால்

பணியாளரே ஒப்புக்கொண்டாலோ, தேதிகளும் எடையும் கேமராப் பதிவும் ஒருசேர அதையே காட்டினாலோ, வீட்டார் முன் இரண்டு வழிகள் உள்ளன. காவல்நிலையம் செல்வது முதலாவது. பொதுவான திருட்டில், பொருளின் மதிப்பு 5000 ரூபாய்க்குக் குறைந்து, முதன்முறை தண்டிக்கப்படுபவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூகசேவையே தண்டனையாக அமையும் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் பணியாளர் தம் முதலாளியின் உடைமையைத் திருடுவது 306ஆம் பிரிவில் தனிக் குற்றமாக வைக்கப்பட்டு, அதற்கு ஏழாண்டு வரை சிறை விதிக்கப்படலாம். சில பெக் விஸ்கிக்காக ஒருவரை அந்தப் பிரிவின் கீழ் நிறுத்துவது தகுமா என்பதை மனுவில் கையெழுத்திடுமுன் எண்ணிப்பார்க்க வேண்டும். இழப்பு பெரிதாகவும் தொடர்ச்சியாகவும் இருந்தாலன்றி அது தகாது என்பதே இந்நூலின் நிலை.

இரண்டாவது, வேலையை முடித்துக்கொள்வதோ தொடர்வதோ ஆகும். நிறுத்துவதாயின் அன்றைய நாள்வரையிலான ஊதியத்தை முழுதும் கொடுத்துவிட வேண்டும். போன மதுவின் விலையைத் தாமே மதிப்பிட்டுக் கழித்துக்கொள்வதும், தீபாவளிக்குத் தருவதாகச் சொன்ன தொகையை நிறுத்திவைப்பதும் முறையன்று. தொடர்வதாயின், அவருக்குக் குடிநோய் உண்டா என்பதைக் கவனிக்க வேண்டும். குடிநோய் என்பது விருப்பத்தால் நிறுத்திவிட இயலாத அளவுக்கு உடலும் மனமும் மதுவைச் சார்ந்துவிட்ட நிலை. காலையில் கைநடுக்கம், வியர்வை, குடித்தபின் அந்த நடுக்கம் அடங்குதல் ஆகியவை அதன் அடையாளங்கள். அந்நிலையிலுள்ளவர் திடீரென்று குடியை நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், ‘நாளையிலிருந்து தொடக்கூடாது’ என்று மிரட்டுவது உதவியாகாது. மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே உதவி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும், சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை மருத்துவமனையிலும் இதற்குச் சிகிச்சை உண்டு. 14446 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணும் இயங்குகிறது. இதே அடையாளங்கள் வீட்டாருள் ஒருவரிடம் காணப்பட்டால் அவருக்கும் இதுவே வழி.

ஆராய்ந்து பார்த்ததில் ஐயம் பொய்யென்று தெரியவருமானால், பணியாளரிடம் நேரில் வருத்தம் தெரிவிப்பதோடு வீட்டாரின் கடமை முடிந்துவிடாது. அவரைப் பற்றி நால்வரிடம் சொன்னவர், உண்மை தெரிந்த அன்றைக்கே அந்த நால்வரிடமும், குழுவில் எழுதியிருந்தால் அதே குழுவிலும், வாயிற்காவலரிடமும் தாம் சொன்னது தவறு என்று எவரும் கேட்பதற்குமுன் தாமாகவே சொல்லிவிட வேண்டும்.